இரும்புக் குண்டுகளில் வழுக்கி விழுந்த நாள்

துருப்பிடித்த இரும்பின்மேல் வேகமாக அடித்துத் துருவை நீக்க, கடுகளவு இரும்புக் குண்டுகள் வேண்டும். உருக்கிய இரும்பின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்து அவற்றைச் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வேலூரிலிருந்து வந்து சூளூர்பேட்டையில் தனியாக அறை எடுத்திருந்தேன். குண்டுகளைச் சலிக்கும் இயந்திரச் சல்லடைகளின் இரைச்சலில் யாரோடும் பேச முடியாது.

ஒருநாள் தரையில் சிந்திக் கிடந்த குண்டுகளில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது. நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. தரை பெருக்கும் பெண்தான் பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டார். யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான்தாம்மா, இவளோட அக்கா. இங்கியேதான் உக்காந்துக்கினு இருப்பேன்," என்றார் அவர்.

உடன்பிறந்தவர் யாருமில்லாத எனக்கு, அதை இல்லையென்று சொல்ல அன்று மனம் வரவில்லை. இன்றும் வரவில்லை.