சாமந்தி வைத்த சேறு

அப்போது அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேலே வர ரோடு கிடையாது. பட்டணத்துக் கல்லூரி வாத்தியார் ஒருவர் நடந்தே ஏறிவந்து, வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் சாய்ந்துவிட்டார். பேசினாலே மூச்சு வாங்கும். எங்கள் பெரக்கரை நாட்டுக்குத் தேனுக்கும் பலாவுக்கும் ஆள் வரும். இவர் சேற்றுக்காக வந்திருந்தார்.

ஊருக்குக் கீழே அம்மனுக்கென்று விட்ட சேற்றுப் பள்ளம் இருந்தது. ஏர் படாத இடம். என்றைக்கோ பூத்த மரங்களின் மகரந்தம் அதன் அடியில் மக்காமல் கிடக்கிறதாம். எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மனிதர் வருமுன் மலையில் என்ன காடு இருந்தது என்று தெரிந்துவிடுமாம். இன்றைய பூத்தூள் துளி கலந்தாலும் எல்லாம் பாழ் என்று அப்பாவிடம் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை விறகுக்குப் போயிருந்தாள்.

அவரும் அப்பாவும் இரும்புக் குழாயைச் சேற்றில் இறக்குவதும் இழுப்பதுமாக மாய்ந்துபோனார்கள். சாப்பிடக் கை தூக்க முடியாமல் அப்பாவுக்கு அம்மா உருட்டிக் கொடுத்தாள். கடைசிக் குப்பியில் சேறு நிரப்பித் தக்கை அடைத்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் குளமாகிவிட்டது. இனி அடுத்த கோடையில்தான் இறங்க முடியும். வேலை முடிந்த நிம்மதியில் இருவரும் கட்டைபோலத் தூங்கினார்கள்.

விடிந்து பார்த்தால் குப்பிகளெல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொன்றின் சேற்றிலும் ஒரு சாமந்திப்பூ. அம்மன் மண் வீட்டுக்குள் வந்தால் பூ வைக்காமல் இருப்பது எங்களில் வழக்கமில்லை. அத்தையிடம் சொல்லிவைக்க அப்பா அசதியில் மறந்துவிட்டார்.

“சாமி மண்ணுங்க. அடைச்சு வச்சா மூச்சு முட்டாதுங்களா? அதானுங்க தொறந்து பூ வச்சேன்” என்றாள் அத்தை, குளித்த ஈரத்தலையோடு கைகூப்பி.

வாத்தியார் ஒவ்வொரு குப்பியாகக் குனிந்து பார்த்தார். “நல்லதும்மா” என்றார். பூவோடு தக்கையை அடைத்துப் பெட்டியில் அடுக்கினார். அப்பா பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவரோடு இறங்கினார். பூத்தூள் ஆகாது என்று காதால் கேட்டிருந்தும், அது சாமிக்கு வைத்த பூவுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காரவள்ளியில் பஸ் வருமுன் எல்லாக் குப்பியையும் வாத்தியார் ஓடையில் கவிழ்த்துக் கழுவினாராம். “மேலேயே கொட்டியிருக்கலாம். உங்களுக்கு இவ்வளவு சுமை இருந்திருக்காது. அந்தம்மா எதிர்ல மனசு வரலை” என்றாராம். அத்தை காலமான பிறகுதான் அப்பா இதைச் சொன்னார். அந்த மூவரையும் நினைத்தால் இன்றும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அன்று மலையேறித் திரும்பிய அப்பாவிடம் அத்தை ஓடிவந்து, “சாமி மண்ணு பத்திரமாப் போய்ச் சேர்ந்துதாண்ணா?” என்றாள்.

“சேர்ந்துருச்சு கண்ணு” என்றவர், கால்கூடக் கழுவாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெட்டி சுமந்த களைப்பாக்கும் என்று நான் அவர் காலைப் பிடித்துவிட்டேன்.