வேருக்கு ஊற்றிய தண்ணீர்

டயாலிசிஸ் பிரிவில் இயந்திரம் பார்க்கும் அவனுக்குத் தராசு என்று பெயர். நோயாளிகள் வைத்தது. அவர்கள் எடை மேடையில் ஏறுமுன் செருப்பு, கைபேசி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிடுவான். சிறுநீரகம் நின்றுபோன உடம்பில் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய எடை ஒன்றை டாக்டர் குறித்திருப்பார். அதற்கு மேல் இருப்பது அத்தனையும் குடித்த தண்ணீர். நான்கு மணி நேரத்தில் இயந்திரம் அதை இழுத்துவிட வேண்டும்.

"மூணு கிலோ. கல்யாண வீடா?"

"துக்க வீடுப்பா. காபியை நீட்டுனா வேணாம்னு சொல்ல முடியுமா?"

"அடுத்த துக்கம் உங்க வீட்டுல வந்துடப் போவுது."

பதினாறு வருஷமாக இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்பாவுக்கும் அதே நோய் வந்தது. அவன் பிரிவிலேயே ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. வாரம் இரண்டு தடவை. இருக்க வேண்டிய எடை ஐம்பத்தெட்டு. வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் அளந்து, கோடு போட்டு வைத்துவிட்டுத்தான் அவன் வேலைக்குக் கிளம்புவான். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷர் அந்தப் பாட்டிலை மருந்து மாதிரி மூடியில் ஊற்றிக் குடித்தார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் தாகம் கூடும் என்று கொல்லைப் பூங்கொடியை அவர் பொறுப்பில் விட்டதும் அவன்தான். ஹனிசக்கிள் என்று நர்சரிக்காரர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, கொடி என்றே நின்றுவிட்டது. பின்பக்கச் சுவரில் அடித்த கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு ஒரே வருஷத்தில் மொட்டைமாடியை எட்டிப் பார்த்தது. இன்றைக்கு வெள்ளையாக இருக்கும் பூ நாளைக்கு மஞ்சளாகிவிடும்.

மழைக்காலத்தில் அப்பா பக்கெட்டைத் தொடமாட்டார். குளிர் மாதங்களில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் இறக்கிப் பார்ப்பார். ஈரம் தட்டாவிட்டால் ஒரு பக்கெட். வெயில் வந்ததும் மூன்று நாளைக்கு ஒருதரம் இரண்டு பக்கெட். இலையில் படாமல், மக்கில் மொண்டு, வேரைச் சுற்றி மண் குடிக்கக் குடிக்க விடுவார். அரை மணி நேரம் ஆகும்.

"கொதிக்கிற ரேடியேட்டருக்கு ஊத்துற மாதிரி ஊத்தணும்மா. அவசரப்பட்டா மூஞ்சியில அடிச்சுடும்" என்பார் மருமகளிடம். "அதுக்கு ரெண்டு பக்கெட்டு, எனக்கு ரெண்டு டம்ளர். இந்த வீட்டுல யாரு பெரிய ஆளுன்னு புரியுதா?"

இரண்டாவது வெயில்காலத்தில் அப்பாவின் எடை ஏறியது. அறுபது. பிறகு அறுபத்தொன்றரை. பாட்டிலில் கோடு சரியாகத்தான் இருந்தது. கையில் மக், பக்கத்தில் குழாய், அரை மணி நேரம் தனிமை. அவனுக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மேடையில் அப்பா நின்றுகொண்டிருந்தபோதே சொன்னான். குரலை இறக்கவில்லை.

"மூணரை கிலோ. செடிக்கு ஊத்துறேன்னு போய் இவரே குடிச்சுட்டு வர்றாரு."

எட்டுக் கட்டிலும் சிரித்தன. "செடிக்கு மிச்சம் வச்சீங்களா பெரியவரே?" என்று யாரோ கேட்டார்.

அப்பா அவனைப் பார்த்தார். "குடிக்கலடா" என்றார். ஒரே தடவை. பிறகு இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் ஹோஸைத் திருப்பி மேலிருந்து கீழாக ஒரு அடி. பத்து நாளில் இலைகளில் மாவு பூசினதுபோல் வெள்ளை படர்ந்தது. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன.

"ஏங்க, மாமா வேர்லதான் ஊத்துவாரு. நீங்க தலையில ஊத்துறீங்க" என்றாள் மனைவி. கொஞ்சம் நின்று, "அடுப்படி ஜன்னல்லேர்ந்து நான் தினம் பார்ப்பேன். மக்கை வாய்கிட்டகூடக் கொண்டுபோனதில்ல" என்றாள்.

"நீ பார்க்காதப்ப?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

பிரிவில் அப்பாவுக்கு மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். ரத்த அழுத்தம் விழும். ஐம்பத்தெட்டுக்கு இறக்க முடியாமல் அறுபதிலேயே இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார், சத்தம் வராது. வேறு ஒருவருக்கு இப்படி இரண்டு தடவை நடந்திருந்தால் அவன் டாக்டரிடம் ஓடியிருப்பான். அப்பாவின் காலை நீவிவிடும்போது, குடிச்சா அனுபவிக்கத்தானே வேணும் என்று மனசுக்குள் ஓடியது. அது ஓடியதை அவனே கேட்டான்.

மழை தொடங்கிய வாரம் புது டாக்டரம்மா வந்தார். அப்பாவின் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், நீர் கோத்திருந்தால் விழும் குழி விழவில்லை. மேல்கையைப் பிடித்துப் பார்த்தார்.

"சாப்பாடு எப்படிங்க?"

"ரத்தம் ஊற ஊசி போட்டதுலேர்ந்து நல்லா பசிக்குது டாக்டர். மருமக தட்டுல வச்சுக்கிட்டே இருக்கு."

டாக்டரம்மா குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"இது தண்ணி இல்ல, சதை. மூணு கிலோ உடம்பு தேறியிருக்கார். இல்லாத தண்ணியை இழுத்தா கால் இழுக்காம என்ன செய்யும்? இங்க பாருங்க, அறுபதுல போறார், அறுபத்தொண்ணரையில வர்றார். நடுவுல ஒண்ணரைதான். மூணு நாளைக்கு ஒண்ணரை. இவர் அளவுக்கு அளந்து குடிக்கிற ஆள் இந்த வார்டுல யாரும் இல்ல." குறிப்பேட்டை மூடினார். "ரெண்டு மாசமா யாரு எழுதினது இது?"

"நான்தான் மேடம்."

கூட்டல் கழித்தல்தான். யாருக்கு வேண்டுமானாலும் போட்டிருப்பான். அப்பாவுக்குப் போடவில்லை, விடை தெரியும் என்று நினைத்ததால். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். தண்ணீர் ஓடுவதைப் பார்க்க முடியாமல் மூடினான்.

வீட்டுக்கு வந்தான். அப்பா பின்கதவருகே நாற்காலியில் இருந்தார்.

"அப்பா, நாளையிலேர்ந்து கொடிக்கு நீங்களே ஊத்துங்க."

அப்பா வெளியே கையைக் காட்டினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் நாலு மாசத்துக்கு அதுக்கு யாரும் ஊத்த வேணாம்டா."

பக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடலாம் என்று வந்திருந்தான். எங்கே பழி சொன்னானோ அங்கே போய்த்தான் அது தப்பென்று சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை மேடையில் அப்பா ஏறினார். அறுபத்திரண்டே முக்கால். டாக்டரம்மா குறித்த புது எடை அறுபத்தொன்றேகால்.

"ஒண்ணரை. சரியா இருக்கு" என்றான். பேனா மூடியைப் போட்டான், எடுத்தான். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. செடிக்கு ஊத்துன தண்ணி செடிக்குத்தான் போயிருக்கு. இவரு ஒரு வாய் குடிக்கல. கணக்குப் போடத் தெரியாதவன் நான்தான்."

பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் திரும்பினார். இயந்திரங்கள் முனகிக்கொண்டிருந்தன.

அப்பா மேடையைவிட்டு இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றார்.

"சத்தமா சொல்லுடா. அன்னிக்குக் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டுச்சு."

அவன் கடைசிக் கட்டிலைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னான்.