அங்கப்பன் மெடிக்கலுக்குப் போன கதை

தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் அங்கப்பனைப் போல் தென்னை ஏறுகிறவன் எவனும் கிடையாது. நானும் மரமேறிதான். பொறாமையோடு சொல்கிறேன், அதனால் நீங்கள் தாராளமாக நம்பலாம். காலில் ஒரு கயிற்று வளையம், இடுப்பில் அரிவாள், அவ்வளவுதான். மரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் போகிற வேகத்தில், அண்ணாந்து பார்க்கிறவனுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

தொண்ணூற்று நாலில் ஓமன் நாட்டுப் பேரீச்சந்தோப்புக்கு ஆள் எடுக்க ஓர் ஏஜெண்ட் வந்தார். மரமேறத் தெரிந்தால் போதும், மெடிக்கலில், அதாவது உடம்புப் பரிசோதனையில், மட்டும் பாஸாக வேண்டும் என்றார். அங்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஏரோப்பிளேன் என்றால் சும்மாவா? அவன் பெண்டாட்டி செவ்வந்திக்கோ துளியும் பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனைப் பிரிந்து இருந்ததே இல்லை அவள். மெடிக்கலுக்கு நானும் வருவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். நானும் பேர் கொடுத்திருந்ததால் மூன்று பேருமாகப் போனோம். கோயமுத்தூர் காந்திபுரத்தில் இறங்கி அவன் டீ சொல்லப் போன நேரத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணா, இவரு பெயிலாகோணும்னு மாசாணியாத்தாளுக்கு வேண்டியிருக்கறனுங்க. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

நான் ஏன் சொல்லப்போகிறேன்? புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம்.

மெடிக்கல் நடந்த லேபில் திருவிழாக் கூட்டம். நான் போன வேகத்திலேயே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். பிரஷராம். அந்த ஊசிகளையும் சீசாக்களையும் பார்த்தால் எவனுக்குத்தான் பிரஷர் ஏறாது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போகட்டும், என் கதை எதற்கு.

அங்கப்பனுக்கு ரத்தம், மூத்திரம், கண் எல்லாம் சுத்தம். கடைசியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்த இடத்தில் மறுபடி வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைக் கோடு கோடாக எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் கோணல்மாணலாக வந்தது. எக்ஸ்ரே எடுக்கும் கண்ணையா மாட்டி வைத்திருந்த படத்தில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் இதயம் பலவீனமாகத்தான் கேட்கிறது, இந்த நிலையில் ஃபிட் என்று கையெழுத்துப் போட முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் மூச்சு வாங்குமா, மயக்கம் வருமா என்று கேட்கப் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். செவ்வந்தியோடு நானும் உள்ளே போனேன்.

சட்டையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான் அங்கப்பன். மரத்து உச்சியில் காற்றடிக்கும்போதுகூடப் பயப்படாதவன், அங்கே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். செவ்வந்தியைப் பார்த்தேன். வேண்டியது நடந்துவிட்டது. இனி அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், புருஷன் ஊரிலேயே இருப்பான்.

அவள் டாக்டரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“ஏனுங்க, கொழாயை அந்தப் பக்கம் வெச்சா எப்புடிங்க கேக்கும்? நெஞ்சு சோத்தாங்கைப் பக்கமில்லீங்களா இருக்கும்?”

கண்ணையா சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வலது பக்கம் என்று யாரம்மா சொன்னது என்று கேட்டார். செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் தலை வெச்சுப் படுக்கற பக்கமுங்க. அங்கதான் அடிக்கும். எல்லா மனுசருக்கும் அப்படித்தானுங்களே?”

உலகத்தில் வேறு எந்த நெஞ்சிலும் காது வைத்துப் படுத்தவள் இல்லை அவள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள்.

டாக்டரம்மா குழாயை வலது பக்கம் நகர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். திறந்தபோது அந்தக் கண்கள் குழந்தைக் கண்கள் மாதிரி விரிந்திருந்தன. கண்ணையாவைத் திரும்பிப் பார்த்தார். படம் இடது வலது மாறி வந்துவிட்டது என்று நினைத்து, தானே திருப்பி மாட்டியதாக அவர் தலையைச் சொறிந்தார். படத்தைச் சரியான பக்கம் மாட்டினார்கள். விளக்கு வெளிச்சத்தில், விலா எலும்புகளுக்கு நடுவே, அங்கப்பனின் இதயம் வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. அம்மாடி! எனக்குப் புல்லரித்துப்போயிற்று. வரிசையில் நின்ற ஆட்களெல்லாம் உள்ளே வந்து பார்த்தார்கள். நான் அவன் நெஞ்சில் கை வைத்தேன். திம் திம்மென்று அடித்தது. எத்தனை மரங்களில் எனக்கு முன்னால் ஏறியிருப்பான், இப்படியொரு அதிசயத்தை உள்ளே வைத்துக்கொண்டு!

ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர் இப்படிப் பிறப்பதுண்டு, இது வியாதி இல்லை என்றார் டாக்டரம்மா. ஒயர்களை மாற்றி ஒட்டி மறுபடி எடுத்தபோது கோடுகள் ஒழுங்காக வந்தன. அங்கப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், மரம் ஏறலாமா என்று. எத்தனை மரம் வேண்டுமானாலும் ஏறு என்று சொல்லி ஃபிட் முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் அவன் ஏஜெண்டைத் தேடி ஓடினான். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. பேசாமல் நின்றிருந்தால் உன் வேண்டுதல் பலித்திருக்குமே அம்மணி, கெடுத்துக்கொண்டாயே என்று செவ்வந்தியிடம் கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ற மனுசன் நெஞ்சு சரியில்லீன்னு சொல்றாங்கண்ணா. அத நம்பிப்போட்டா அப்பறம் அவரு எந்த மரத்துல ஏறுவாரு?”

சொல்லிவிட்டு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், வாய்விட்டு அழுதாள்.