அண்ணன் தலைகீழாகப் பார்த்த கொடி

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில், அவரிடம் ஒரு பொது அறிவுக் கேள்வியாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும்போதுகூட, "ஆஸ்திரேலியாவுக்குத் தலைநகரம் எதுங்க?" என்று கேட்டுவிடுவார். எதிரில் இருப்பவர் சிட்னி என்பார். அதற்காகவே காத்திருந்த அண்ணன், "கான்பெராங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

அண்ணன் பிறந்தது தாராபுரத்துக்குப் பக்கத்தில். அப்பா காலமானபோது அவர் பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தார். அம்மாவையும் தங்கையான என்னையும் அழைத்துக்கொண்டு திருப்பூர் வந்தார். பகலில் பனியனுக்குப் பிரிண்டிங் போடும் இடத்தில் வேலை, மாலையில் அரசாங்கத் தேர்வுக்குப் படிப்பு. நதிகள், போர்கள், கிரகங்கள், ஒலிம்பிக் வீரர்கள் எல்லாம் தலைக்குள் போயின. வேலை மட்டும் கிடைக்கவில்லை. தேர்வு எழுதும் வயது தாண்டிய பிறகும் பொது அறிவு அவரை விடவில்லை. பிற்பாடு சொந்தமாகச் சிறிய பிரிண்டிங் யூனிட் தொடங்கியபோது, டீ நேரத்தில் தினம் ஒரு கேள்வி என்று வைத்தார். சரியாகச் சொன்னவருக்கு ஒரு போண்டா அதிகம். திருநெல்வேலிக்காரர், பீகார்க்காரர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் அந்தப் போண்டாவுக்காக மல்லுக்கட்டுவார்கள்.

பல்லடத்தில் பெண் பார்க்கப் போன இடத்திலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இந்தியாவின் நீளமான நதி எது என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி, "காவேரிங்க" என்றார். கங்கை என்று திருத்தி அண்ணன் சிரித்த சிரிப்பு அண்ணிக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் எது கேட்டாலும் அண்ணி, "எனக்குத் தெரியாதுங்க" என்று ஒரே பதிலோடு முடித்துக்கொள்வார். யூனிட்டுக்கு வந்தால் வேலையைப் பார்ப்பார், கேள்வி நேரத்தில் எழுந்து போய்விடுவார்.

உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கவிருந்த ஆண்டு, ஒரு பெரிய கம்பெனி எங்களுக்கு முதன்முறையாக வேலை கொடுத்தது. பனியனின் கைப்பகுதியில் ஆடும் நாடுகளின் கொடிகளை அச்சிட வேண்டும். அந்த வேலையை நம்பித்தான் அண்ணன் புது மெஷின் வாங்கியிருந்தார். அது கைவிட்டுப் போனால் யூனிட்டை மூட வேண்டியதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் காலை வாசல் பக்கம் துணி மூட்டை அடைத்துக்கொண்டிருந்ததால், அண்ணன் பின்வழியாக வந்தார். டேபிளில் அச்சாகிக்கொண்டிருந்த கொடியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க! பச்சை முன்னால வந்தா அயர்லாந்துங்க! ஐவரி கோஸ்ட்டுக்கு ஆரஞ்சுதான் முன்னால வரோணும். அயர்லாந்து இந்தத் தடவை ஆடவே இல்லீங்க!"

எங்களுக்கு அயர்லாந்தும் தெரியாது, ஐவரி கோஸ்ட்டும் தெரியாது. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செக்கிங்கில் இருந்த நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கட்டுக்கட்டாக அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் போனை எடுத்துக் கம்பெனிக்கு, "தப்பாயிப் போச்சுங்க, அத்தனையும் வீண்" என்று சொல்லிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை அப்படி நான் அப்பா காலமான அன்றுதான் பார்த்திருந்தேன்.

அண்ணி டேபிளின் மறுபக்கம் இருந்தார். கம்பெனி கொடுத்த மாதிரிப் பனியனை எடுத்து வந்து, அச்சான துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பக்கம் வந்து பாருங்க."

"அட, நீ சும்மா இரு புள்ள. கொடியெல்லாம் எனக்குத் தெரியும்."

"கொடி எனக்குத் தெரியாதுங்க. ஆனா கை ஓரம் மடிச்சுத் தைக்கற பக்கம் எம் பக்கமா இருக்குதுங்க. நீங்க தோள் பக்கமா நின்னு தலைகீழாப் பாக்கறீங்க."

அண்ணன் எழுந்து டேபிளைச் சுற்றி வந்தார். இடமிருந்து வலமாக ஆரஞ்சு, வெள்ளை, பச்சை. மாதிரிப் பனியனில் இருந்தது போலவே இருந்தது. ஒரு துண்டுகூட வீணாகவில்லை! யாரோ ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

பதறிப்போய் பைக்கில் வந்து இறங்கிய கம்பெனி ஆள், "எங்கீங்க தப்பு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார் அண்ணி. அன்றைய பரிசுப் போண்டாவை அண்ணன் அண்ணிக்கே கொடுத்தார். அண்ணியும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு வேலை குறையவில்லை. அண்ணனுக்குத்தான் இதயத்தில் அடைப்பு வந்தது. கோவை ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தார். அதிகம் கஷ்டப்படாமல், நினைவு தப்பாமல் போனார் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த தொழிலாளர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், வேலையை எங்களிடமே விட்டுவைத்த கம்பெனிக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன்.

கடைசியாகப் பேசிய நாளில் அண்ணன் அண்ணியிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "யூனிட்டை நீ நல்லாப் பாத்துக்குவே புள்ள. எனக்குத் தெரியும்" என்றார். இந்த ஓராண்டில் யூனிட் ஒருநாளும் மூடிக் கிடக்கவில்லை. இரண்டு டேபிள் கூடுதலாகப் போட்டிருக்கிறார் அண்ணி. எனக்குத் தெரியும், தெரியும் என்று சொல்லி எங்கள் அண்ணன் தவறிய இடங்கள் உண்டு. இதில் அவர் தவறவில்லை.