காலியாகாத பீப்பாய்கள்

அரிசி டின்னைக் கவிழ்த்து, அடியில் தட்டி, ஒரு மணியும் ஒட்டாமல் துடைத்த பிறகுதான் புது அரிசியைக் கொட்டுவேன். மருமகளுக்கு இது பிடிக்காது. "ஒரு பிடியாவது மிச்சம் வைக்கணும் அத்தே, இப்படித் தொடச்சா வீட்டுக்கு ஆகாது" என்பாள். அவள் சொல்வதுதான் ஊர் வழக்கம். எனக்கோ அந்த வழக்கத்தின் மேல் தீராத கோபம். என் ஓரகத்தியின் வாழ்க்கையைப் பார்த்து வந்த கோபம் அது.

என் கணவரின் அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் கல்யாணமாகித் திருவிதாங்கூரில் ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, இரண்டிலும் புல்தைலம். மலையடிவாரத்தில் இஞ்சிப்புல்லைக் காய்ச்சி வடிக்கிற எண்ணெய் அது. கொச்சிக்குப் போய்க் கப்பலேறும். அக்கரையில் அதிலிருந்து சிட்ரால் என்ற சரக்கைப் பிரித்து, அதைக்கொண்டு வயலட் பூவின் வாசனையைச் செய்து சோப்பிலும் சென்ட்டிலும் சேர்ப்பார்களாம். திருவிதாங்கூர்ப் புல் இல்லாவிட்டால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் மணக்கமாட்டார்கள் என்று அக்காவின் கணவர், எங்கள் அத்தான், பெருமையடிப்பார். வயலட் பூவை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

யுத்தத்தில் கப்பல் வருவது அருகிப்போனது. ஆனால் புல் வளர்வதை நிறுத்தவில்லை, அத்தானும் வாங்குவதை நிறுத்தவில்லை. விட்டால் வேறு வியாபாரி பிடித்துக்கொள்வானே! பீப்பாய்கள் கடையை நிறைத்து, கூடத்தை நிறைத்து, கடைசியில் அக்காவின் அறைக்குள் வந்து ஜன்னலையும் மறைத்தன. தீப்பிடித்துவிடும் என்று உள்ளே விளக்குகூட ஏற்றக்கூடாது. குடிக்கிற தண்ணீரிலும் அந்த வாசனைதான். அக்காவுக்குத் தலைவலி விட்டதே இல்லை.

திருநெல்வேலியில் அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். ஆனால் ஆண்கள் இருவரும் சரக்கு வாங்க மலைப்பக்கம் போய்விடுவார்கள். நான் புதுப்பெண், சரக்கு வந்தால் பார்த்து இறக்கவும் காவல் இருக்கவும் அவள்தான். அவள் வாய் திறந்தாலே அத்தான், "கப்பல் வரட்டும்ளா, எண்ணெய் போன மறுநாளே உன்ன பஸ் ஏத்துதேன், கேட்டியா?" என்பார்.

எப்போதாவது கொஞ்சம் எண்ணெய் விற்கும். அப்போதும் பீப்பாயை அடியோடு வடிக்க அக்கா விடமாட்டாள். அரிசிப் பானையைப் போலத்தான் அவளுக்குப் பீப்பாயும். பொட்டு வைத்து, அடியில் மிச்சம் நிறுத்தி, அதன் மேலேதான் புது எண்ணெயை ஊற்றுவாள். லட்சுமி தங்குவாளாம். கப்பல் தவறாமல் வந்த காலத்தில் அதனால் எந்தக் கெடுதலும் வரவில்லை.

ஒரு வழியாகக் கொச்சியிலிருந்து ஏஜண்ட் வந்தார். கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது, தேறுகிற சரக்கு அத்தனையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அன்று காலையே அக்கா பெட்டியைக் கட்டிவிட்டாள். ஏஜண்ட் கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட் ஊற்றி, எங்கள் எண்ணெயைக் கொஞ்சம் விட்டுக் குலுக்கினார். நல்ல எண்ணெய் என்றால் தெளிந்து நிற்கவேண்டும். அது கழுநீர் மாதிரி வெளுத்தது. அடுத்த பீப்பாயும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

"கலங்கிப்போச்சல்லோ! பழசும் புதுசும் ஒண்ணாய்ச் சேர்த்தோ? பழசு புதுசையும் கெடுத்துரும். இது எடுக்கான் பற்றாது, கேட்டோ" என்று கைவிரித்துவிட்டுக் குழாயைக் கழுவி வைத்தார்.

அத்தான் அக்காவை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவள் அழுதிருப்பாள், பாரமாவது குறைந்திருக்கும். தன் சேலைகளைத் தானே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டாள். அந்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். தந்தி வந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

யுத்தம் முடிந்து கப்பல்கள் வந்தன. கலங்கிய எண்ணெயும் பாதி விலைக்குப் போனது. கடைசிப் பீப்பாயும் வண்டியேறிய அன்று அத்தான், "பெட்டிய எடுளா, திருநெல்வேலி போலாம்" என்றார். பீப்பாய் போன இடத்தில் ஜன்னல் திறந்திருந்தது. அக்கா வெளிச்சத்துக்குக் கண் கூசிக்கொண்டே கேட்டாள்: "அங்க யாரு இருக்கா, நான் போறதுக்கு?"

இப்போது அந்தச் சிட்ராலைப் புல்லே இல்லாமல் பெட்ரோலியத்திலிருந்தே பெரிய பெரிய தொழிற்சாலைகளில் செய்துவிடுகிறார்கள் என்கிறான் பேரன். செய்யட்டும்.

மருமகளுக்குத் தாய்வீடு நாகர்கோவில். அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று அவள் சொன்னால் ஏன் என்று கேட்காமல் அப்போதே பஸ் ஏற்றிவிடுவேன். அவள் போனதும் அரிசி டின்னை எடுத்துக் கவிழ்ப்பேன்.