சரிவு தேடிய லைசென்ஸ்

தோட்ட ஆபிஸ் சுவரில் ஒட்டியிருந்த பணியாளர் விவரப்படி, தபால் மோட்டாரை ஓட்டுபவர் ஆண், உயரமானவர், மீசை உண்டு, இடது கன்னத்தில் தழும்பு உண்டு, முறையான மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் உடையவர், பெயர் வீரப்பன். இதில் பெரிய பொய் எதுவும் இல்லை. வீரப்பன் என்று ஒருவர் இருந்தார். உயரம், மீசை, தழும்பு, லைசென்ஸ் எல்லாமே அவரிடம் இருந்தன. மோட்டாரை மட்டும் அவர் ஓட்டவில்லை. அதை ஓட்டியவர் அவர் மனைவி ரஞ்சிதம். ரஞ்சிதம் குள்ளம். மற்ற மூன்றும் அவரிடம் கிடையாது.

தழும்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஒரு மழைநாளில், பேக்டரிக்குக் கீழே இருக்கும் வளைவில் ரோடு திரும்பியது, வீரப்பன் திரும்பவில்லை. தேயிலைச் செடிகள் அவரைத் தாங்கிக்கொண்டன. மோட்டாரை உதைத்துக் கிளப்பும் கிக்கரைத் தாங்கவில்லை. அது உடைந்து எங்கோ பள்ளத்தில் போய்விட்டது. கன்னத்தில் தையலோடு வீடு வந்தவர், “இனிமே அந்தச் சனியன்ல முன்னால உட்கார மாட்டேன்” என்று அறிவித்தார்.

ஆனால் தபால் போயாக வேண்டும். மோட்டாரைக் கழுவித் துடைப்பது அதுவரை ரஞ்சிதத்தின் வேலை. கழுவிய பிறகு, நன்றாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக குடியிருந்த லயத்து வாசலிலிருந்து கொஞ்சம் உருட்டிப் பார்ப்பார். அந்தக் கொஞ்சம் நாளுக்கு நாள் நீண்டு, கடைசியில் மாரியம்மன் கோயில் வரைக்கும் வந்திருந்தது. ஆகவே மறுநாள் ரஞ்சிதம் முன்னால் உட்கார்ந்தார். வீரப்பன் லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். இரண்டு பேரையும் கூட்டிப் பார்த்தால் சட்டத்துக்கு ஏற்ற ஒரு முழு ஓட்டுநர் கிடைப்பார். ஆனால் பின்னாலிருந்த பாதி, ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு “அம்மா தாயே!” என்று அலறியதால், முன்னாலிருந்த பாதி அவரை ஒருநாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது. வீரப்பன் மகிழ்ச்சியோடு பேக்டரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

ரஞ்சிதம் கணவரின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். மிச்சத்தை மலைப்பனி பார்த்துக்கொண்டது. தபால் வாங்கப் போகும் தானா ராத்தா டவுனில் யாராவது தூரத்திலிருந்து “வீரப்பா!” என்று கூப்பிட்டால் கையைத் தூக்கிக் காட்டுவார். தோட்டத்திலும் டவுனிலும் இது ரகசியமாகவே இருந்தது. அதாவது எல்லாருக்கும் தெரியும், தோட்ட மேனேஜரான துரைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கிக்கர் இல்லாத குறையை யாரும் குறையாக நினைக்கவில்லை. மலையில் சரிவுக்கா பஞ்சம்? மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துவது, ஏறி உட்கார்ந்து உருள விடுவது, வேகம் பிடித்ததும் கிளட்சை விடுவது. ஒரு இருமல், ஒரு உதறல், மோட்டார் உயிர் பெற்றுவிடும். ரஞ்சிதத்துக்கு மோட்டார் என்றாலே அப்படித்தான் கிளம்பும் என்று நினைப்பு. தானா ராத்தாவில் மளிகைக்கடைச் சீன முதலாளியான தவுக்கேயின் வாசலில் நல்ல சரிவு ஒன்று உண்டு. அங்கேதான் எப்போதும் நிறுத்துவார்.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. எழுபத்தொன்பதில் புதிய துரை வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, ஜோகூர்ப் பக்கத்து மலாய்க்காரர். ஆனாலும் துரை துரைதான். ஒருநாள் காலை ஆபிஸ் வராந்தாவில் நின்று, பேக்டரி குப்பையைப் பற்றி வீரப்பனை விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தபால் மோட்டார் மேடேறி வந்து, வராந்தாவைக் கடந்து, திரும்பியது.

துரை மோட்டாரைப் பார்த்தார். எதிரே நின்றவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“நீதானே தபால் வீரப்பன்?”

“ஆமா துரை.”

“அப்ப அது யாரு?”

தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பழனியப்பன்தான் ஆபிஸின் மானத்தைக் காப்பாற்ற முன்வந்தார். “அதுவும் வீரப்பன்தான் துரை.”

துரை சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. விபத்து நடந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். தபால் மோட்டாரில் யார் உட்கார்ந்தாலும் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் உட்காருபவர் பேரில் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்றார். அடுத்த மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால், தபால் காய்கறி கண்ட்ராக்டரின் வேனில் போகும். ரஞ்சிதம் கொழுந்து எடுக்கப் போகலாம்.

கல்யாணமான நாளிலிருந்து மோட்டாரில் ஏறும் வரைக்கும் ரஞ்சிதம் எடுத்தது கொழுந்துதான். அதைப் பற்றி அவர் பெரிதாகக் குறை சொன்னதில்லை. அன்று ராத்திரி மட்டும், சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: “கூடைய மாட்டிக்கிட்டு குனிஞ்சு பாத்ததெல்லாம் போதும்ங்க. மோட்டாருல உட்காந்தா நிமிந்து பாக்கலாம். நான் எறங்க மாட்டேன்.”

எங்கே போய்ப் பரீட்சை கொடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் பகாங்கிலிருந்து இதற்கு ரோடு கிடையாது. பக்கத்து மாநிலமான பேராக்கில் உள்ள தாப்பாவுக்குப் போய், அங்கிருந்துதான் ஏற வேண்டும். ஆகவே தாப்பாவுக்கு இறங்கிப் போகலாம். அல்லது பகாங் லைசென்ஸ் அதிகாரி ஊரைச் சுற்றிக்கொண்டு ஏறி, தானா ராத்தாவில் பரீட்சை வைக்கும் நாள் வரைக்கும் காத்திருக்கலாம்.

“தானா ராத்தா கூடவே கூடாது” என்றார் பழனியப்பன். “நீ நல்லா ஓட்டுறது அங்க எல்லாருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா நல்லதுதானே ஐயா?”

“எப்படி நல்லது? லைசென்ஸ் இல்லாதவ நல்லா ஓட்டக் கூடாது. ஓட்டினா, எங்க பழகுனேன்னு கேப்பான்.”

வீரப்பனும் தாப்பாவுக்கே ஓட்டுப் போட்டார். அவர் லைசென்ஸ் வாங்கியதும் அங்கேதான். “ரோடெல்லாம் பலகை மாதிரி இருக்கும் ரஞ்சி. கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்.”

“நீங்க இங்கயே கண்ண மூடிக்கிட்டுதான் உட்காந்திருந்தீங்க.”

பழனியப்பன் எழுதிப் போட்டு, பழகுகிறவர்களுக்கான எல் லைசென்ஸ் வந்தது. தயாரிப்பு தொடங்கியது. கொழுந்து நிறுக்கும் கொட்டகை வாசலில் கல் அடுக்கி ரஞ்சிதம் எட்டுப் போடப் பழகினார்; அது முதல் நாளே வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எட்டு மாதிரியான ரோட்டையே பார்த்தவருக்கு எட்டு ஒரு வித்தையா? நேராகப் போவதுதான் வரவில்லை. நேரான ரோடு தோட்டத்தில் எங்கேயும் இல்லை. சாலைக் குறிகளை வீரப்பன் கரித்துண்டால் சுவரில் வரைந்து காட்டினார். ரஞ்சிதம் அதுவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு குறி. மண் சரியும் இடம் என்று எச்சரிக்கும் பலகை. அதுவும் போன மழையில் மண்ணோடு சரிந்து போய்விட்டது.

குறித்த நாளில் மோட்டாரை மலைமேல் திரிங்காப்பிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் தாப்பாவில் போய் இறங்கினார்கள். வெயில் சுட்டது. மழைக்கோட்டு இல்லாமல் மோட்டார் ஓட்டிப் பழக்கமில்லாததால், ரஞ்சிதம் அந்த வெயிலிலும் அதை மாட்டிக்கொண்டார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேர் கூப்பிட்டார்கள். ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை விட்டார். காத்திருந்தார். மோட்டாரும் காத்திருந்தது.

“கிளம்பும்மா” என்றார் அதிகாரி மலாயில்.

“இங்க சரிவு எந்தப் பக்கம் துவான்?” என்று மரியாதையாகக் கேட்டார் ரஞ்சிதம்.

“சரிவா? எதுக்கு?”

அப்போதுதான் அதிகாரி குனிந்து, கிக்கர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். வீரப்பன் ஓடி வந்து பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார். “பரீட்சை உனக்கா, அந்தம்மாவுக்கா?” என்று அதிகாரி அவரை விலக்கினார். ரஞ்சிதம் இறங்கித் தானே தள்ளினார்; மோட்டார் இருமியதோடு சரி. பரீட்சையைப் பற்றி இத்தனை நாளில் இத்தனை பேர் ஆலோசனை சொல்லியும், உடைந்த கிக்கர் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கிளம்பாத மோட்டாருக்குப் பரீட்சை வைக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் வீரப்பன் சொன்னார்: “தாப்பா சரியில்ல.”

வேறு யாராக இருந்தாலும் ஒரு கிக்கர் வாங்கிப் போட்டிருப்பார்கள். பழனியப்பன் அதையும் யோசித்தார். வெள்ளைக்காரன் காலத்து மோட்டார். சாமான் வேண்டுமென்று தலைமை ஆபிஸுக்கு எழுதினால், பதில் வருவதற்குள் துரை மாற்றலாகிப் போய்விடுவார். மோட்டாரைச் சரி பண்ணுவதை விட ஊரை மாற்றுவது சுலபம் என்று முடிவானது. தானா ராத்தாவில் பரீட்சை மாதக் கடைசியில். ரஞ்சிதத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கூடாது என்று ஒதுக்கிய ஊருக்கே பழனியப்பனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். காரணம், அங்கே சரிவு இருந்தது.

பகாங் அதிகாரி சொந்த மாநிலத்து மலைக்கு அடுத்த மாநிலம் வழியாக ஏறி வந்திருந்தார். வளைவுகள் அவரை ஒரு வழி பண்ணியிருந்தன. முகம் வெளிறி, நாற்காலியில் சாய்ந்து, கையில் இஞ்சித் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். பரீட்சை நடந்த ஏற்றம் தவுக்கே கடையை ஒட்டியே இருந்ததால் தேநீர் தவுக்கேயின் உபயம். ஆகவே தவுக்கேயும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ரஞ்சிதம் மேட்டிலிருந்து உருண்டு வந்தார். மோட்டார் உயிர் பெற்றது. எட்டுப் போட்டார், ஓரத்தில் நட்டிருந்த ஒரு கொடியும் அசையவில்லை. அடுத்தது ஏற்றம். பாதி மேட்டில் கொடி காட்டியதும் நிறுத்தி, பின்னால் சறுக்காமல் மறுபடி கிளம்ப வேண்டும். நிறுத்தினார். மோட்டாரும் நின்றது. எஞ்சின் அணைந்து போனது.

கிக்கர் இல்லை. மூக்கு மேலே பார்க்கிறது. வீரப்பன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

ரஞ்சிதம் ஒரு காலை ஊன்றி, மோட்டாரைச் சரிவின் குறுக்கே சாய்த்து, அந்த ஒடுங்கிய ரோட்டிலேயே ஒரே மூச்சில் திருப்பினார். கீழ்நோக்கி உருண்டார். கிளட்சை விட்டார். அடிவாரத்தில் வட்டமடித்து, மேடேறி, முன்பு நின்ற அதே இடத்தில் நிறுத்தி, எஞ்சின் உறும அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி தேநீரைக் கீழே வைத்தார். இது தப்பா, சாமர்த்தியமா என்று அவருக்குத் தெரியவில்லை. “யாருமே இப்படித் திருப்பி நான் பாத்ததில்ல” என்றார்.

தவுக்கேக்குப் பெருமை தாங்கவில்லை. “இதெல்லாம் ஒண்ணுமில்ல லா துவான். தினமும் என் கடை வாசல்ல இப்படித்தான் திருப்பும். மழையிலயும் திருப்பும். ஆறு வருஷமா பாக்கறேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது.

“ஆறு வருஷமா?”

“இல்ல லா… ஆறு மாசம்.”

“எல் லைசென்ஸ் எடுத்தே மாசம் ரெண்டு ஆகலையே.”

தவுக்கே, சீனி மூட்டையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போனார். வீரப்பன் அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் துணிந்து முன்னால் வந்தார். “ஆறு வருஷமா ஓட்டுனது நான் துவான்! இதோ லைசென்ஸ்.”

“அப்படியா? எங்க, நீயும் அதே மாதிரி திருப்பிக் காட்டு.”

வீரப்பன் மோட்டாரைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். லைசென்ஸை மடித்துப் பையில் வைத்தார்.

“அவர விடுங்க துவான்” என்றார் ரஞ்சிதம், மோட்டாரை விட்டு இறங்காமல். “நான்தான் ஓட்டுனேன். இனிமே லைசென்ஸோட ஓட்டலாம்னுதான் வந்திருக்கேன்.”

அதிகாரி பழனியப்பன் பக்கம் திரும்பினார். “நான் பெயில் போட்டா, மறுபரீட்சை எப்ப?”

“துவான் மறுபடி எப்ப ஏறி வர்றீங்களோ அப்ப” என்றார் பழனியப்பன் பணிவாக. “ஆறு வருஷத்துக்கு கேஸ் போட்டா, அதுக்கு முன்னாலயே சாட்சி சொல்ல ஒருதடவை ஏறணும். வாய்தா போட்டா இன்னொரு தடவை.”

அதிகாரி கீழே போகும் ரோட்டைப் பார்த்தார். முதல் வளைவு வரைக்கும்தான் தெரிந்தது. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டார். இன்னொரு கையால், தேறினார் என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ரஞ்சிதம் தபால் பையை மாட்டிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போனார், தோட்டத்துக் கடிதங்களை வாங்கினார், மத்தியானத்துக்குள் திரும்பி வந்து ஆபிஸில் ஒப்படைத்தார்.