பழுப்பு என்று சொன்ன கண்

அலுவலகத்தில் எல்லாரும் அவளைச் சாம்பல் அக்கா என்றே அழைத்தார்கள். வேலைக்கு வரும்போது சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதையும் அவள் உடுத்தியதில்லை. வண்ண வைரங்களை வாங்கி விற்கும் இடம் அது. எந்தக் கல்லை வாங்கலாம், அதை என்ன நிறமென்று சொல்லி விற்கலாம் என்பதையெல்லாம் அவளுடைய கண்தான் தீர்மானித்தது. ரோஜா நிறத் துணியோடு கல்லின் முன் உட்கார்ந்தால் துணியின் நிறம் கல்லுக்குள் புகுந்துகொள்ளும். விற்பவருக்கு அது லாபம். வாங்குபவருக்கு அது நாமம். ஆகவே சாம்பல். இதிலுள்ள வேடிக்கை, அவளுடைய கணவர் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். பச்சையும் நீலமுமாக அவர் வீடு திரும்பும்போது, "வாங்க, வானவில்லே" என்பாள் அவள். "வந்துட்டேன், மழைமேகமே" என்பார் அவர்.

அண்மைக் காலமாக அந்த மழைமேகத்துக்குள் ஓர் இடி ஓயாமல் உருண்டுகொண்டிருந்தது. அவளுடைய தந்தை தையற்காரர். ஐம்பதைத் தாண்டிய புதிதில், கருநீலக் காற்சட்டைக்குக் கறுப்பு நூலைப் போட்டுத் தைக்கத் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வருவதையே நிறுத்தினார்கள். அவர் கண்ணில் புரை விழுந்த செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியாகத்தான் அவருக்குத் தெரிந்தது. புரையை அறுத்து எடுத்தார்கள்; கெட்ட பெயரை எடுக்க முடியவில்லை. இப்போது அவள் அந்த வயதில் இருந்தாள்.

இந்த நிலையில்தான் மருந்துக்கடைக்காரர் ஒருவர் வந்தார். மகளை மணம்முடித்துக் கொடுத்துப் பொறுப்புகளை இறக்கி வைத்தவர்; மனைவிக்கு ஓர் இளஞ்சிவப்பு வைரம் வாங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முதலாளி எடுத்துக் கொடுத்த கல்லைச் சாம்பல் அக்கா தன் மேசைக்குக் கொண்டுபோனாள். அவளுடைய முறை ஒன்று உண்டு: முதலில் கறுப்புப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கின் கீழே வைத்துக் கல் ஒளிர்கிறதா என்று பார்ப்பாள், அதன் பிறகே வெள்ளைத் தட்டில் வைத்து நிறம் பார்ப்பாள். அன்று காலையில் மின்சாரம் இல்லை. எனவே வடக்குச் சன்னலோரம் நின்று நிறத்தை முதலில் பார்த்தாள். பழுப்போ ஆரஞ்சோ சிறிதும் கலவாத தூய இளஞ்சிவப்பு. அதை அப்படியே சொன்னாள்.

மருந்துக்கடைக்காரர் எதையும் விளக்கம் கேட்காமல் விழுங்குபவர் அல்லர். நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மஞ்சள் வைரத்திலும் நீல வைரத்திலும் வேறு தனிமங்கள் கலந்து நிறம் தருகின்றன. இளஞ்சிவப்பில் பெரும்பாலும் அப்படி இல்லை, பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் படிகம் நெளிந்துபோனதால் வந்த நிறம் அது என்று அவள் விளக்கினாள்.

"அப்போ நெளிஞ்சு போனதுக்குத்தான் இவ்வளவு விலையா? இந்தக் கணக்குல என் மருமகனுக்கே நல்ல விலை வைக்கலாமே" என்றார் அவர்.

அவள் சிரித்துக்கொண்டே மேலும் சொன்னாள். ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் உண்டு, கதிர்வீச்சால் நிறமேற்றிய கல்லும் உண்டு. அதனால் சான்றிதழ் இல்லாமல் தொடக்கூடாது. செம்பு கலந்த செம்பொன்னில் பதித்த கல்லின் நிறத்தை நம்பக்கூடாது, கழற்றிப் பார்க்கவேண்டும். பெரிய கல்லைவிட அழுத்தமான நிறமுள்ள சிறிய கல்லே மேல். பழுப்பின் சாயல் இருந்தால் மதிப்புப் பாதாளத்துக்கு இறங்கிவிடும். அவர் மனைவியை அழைத்து வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். மின்சாரம் வந்ததும் அவள் விளக்குச் சோதனையையும் முடித்து, கல்லைக் காகிதத்தில் மடித்துப் பெட்டகத்தில் வைத்தாள்.

அவர்கள் வருவதற்கு முந்தைய மாலை, கல்லை இன்னொரு முறை பார்த்துவிடும்படி முதலாளி சொன்னார். அவள் வழக்கப்படி விளக்கில் காட்டினாள். பிறகு வெள்ளைத் தட்டில் வைத்தாள். பாலில் ஒரு சொட்டுத் தேநீர் விழுந்ததுபோல் கல்லில் பழுப்பு ஏறியிருந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மற்றொன்றை மூடிப் பார்த்தாள். பழுப்புத்தான். சூடுபட்டவள்போல் கல்லைக் காகிதத்தில் மடித்துவைத்தாள்.

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுக்கியிருந்த பாத்திரங்களைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். செய்தியைக் கேட்ட கணவர் தம் வண்ண அட்டைகளை எடுத்து, பெயர்களைக் கத்தரித்துவிட்டு, ஒரே நிறமானவற்றை இணை சேர்க்கச் சொன்னார். ஒன்றுவிடாமல் சேர்த்தாள். எல்லாம் சரி என்று அவர் சொன்னபோது அவள் நம்பவில்லை. தன் மனம் நோகாமலிருக்கவே அப்படிச் சொல்கிறார் என்று குற்றம்சாட்டினாள்.

"ஏம்மா, நிறத்துல பொய் சொல்றவனை யாராவது சுவத்துக்கு நிறம் கலக்கக் கூப்பிடுவாங்களா?" என்றார் அவர்.

மறுநாள் பேருந்தில் முன்னிருக்கைப் பெண்ணின் பையையும் செருப்பையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். இரண்டும் ஒரே சிவப்பா, வேறு வேறு சிவப்பா? முறைத்துப் பார்த்ததில் அந்தப் பெண் பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். சான்றிதழில் தூய இளஞ்சிவப்பு என்றுதான் இருந்தது. அதைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் காகிதத்தைப் படிக்க அவள் எதற்கு?

மருந்துக்கடைக்காரரும் மனைவியும் வந்து அமர்ந்தார்கள். தட்டில் கல்லை வைத்து, அதற்கு மேலே வெண்ணிற விளக்கை ஏற்றினாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஐயா, அன்னைக்கு இதுல பழுப்பே இல்லன்னு சொன்னேன். நேத்து பார்த்தப்போ பழுப்புத் தெரிஞ்சுது. தப்பு கல்லுலயா என் கண்ணுலயான்னு எனக்கே தெரியல. வேற ஒருத்தர் பார்த்த பிறகு வாங்குங்க."

அவளைவிட இளையவரான முதலாளி, கண்ணாலேயே அவளைப் பொசுக்கிவிடுவதுபோல் பார்த்தார். பிறகு, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றும், சான்றிதழ் கொடுத்த ஆய்வகம் உலகறிந்தது என்றும் மூச்சுவிடாமல் அடுக்கினார். மருந்துக்கடைக்காரர் காலாவதித் தேதி பார்ப்பதுபோல் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மனைவியோ பேச்சில் கலந்துகொள்ளாமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீங்க எங்க பழுப்பைப் பார்த்தீங்க? நாங்க வந்து உட்கார்ந்தப்போகூட மங்கலாத்தான் இருந்துது. இப்ப நல்லாச் சிவந்திருக்கே" என்றார் அந்த அம்மாள்.

சாம்பல் அக்கா குனிந்தாள். சன்னலோரம் கண்ட அதே இளஞ்சிவப்பு. அடுத்த கணமே கல்லை இடுக்கியால் எடுத்து, கறுப்புப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கின் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெளியே எடுத்தால் பழுப்பு. வெண்ணிற விளக்கின் கீழே வைத்தாள். நால்வரும் பார்த்திருக்க, பழுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. சில இளஞ்சிவப்பு வைரங்கள் புற ஊதா ஒளியில் தற்காலிகமாக நிறம் மாறும், நல்ல வெளிச்சத்தில் மீளும் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அது தன் மேசைமீதே நடக்குமென்று எண்ணியதில்லை. அன்று நிறத்தை முதலில் பார்த்தாள். நேற்று விளக்கில் காட்டிய கையோடு பார்த்தாள். இரண்டு நாளும் அவள் கண் உள்ளதைத்தான் சொல்லியிருந்தது.

வெளியே போட்டுக்கொண்டு போனால் மங்குமா என்று அந்த அம்மாள் கேட்டார். பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்து ஒரு பொழுது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றாள் சாம்பல் அக்கா. பார்த்தார்கள், நிறம் அசையவில்லை. வாங்கினார்கள். "எங்க வீட்டுக்காரரும் கொஞ்ச நேரம் வெளிச்சத்துல வச்சாத்தான் சரியாவார். பழகின சங்கதிதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்தார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். அவளுக்கோ அரை நாழிகைகூட நிம்மதி வாய்க்கவில்லை. கண் பிழையில்லை, ஆனால் இத்தனை ஆண்டுகளாக அவள் கல்லைப் புற ஊதா விளக்கில் முதலில் காட்டிவிட்டுத்தானே நிறம் பார்த்துவந்தாள்? பழுப்பு என்று அவள் ஒதுக்கிய கற்களெல்லாம் பழுப்புத்தானா?

விற்காமல் தங்கியிருந்த பழுப்புக் கற்களைக் கேட்டு வாங்கி, வெண்ணிற விளக்கின் கீழே பரப்பினாள். உட்கார முடியாமல் சன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள். எல்லாம் பழுப்பாகவே கிடந்தன, ஓரத்திலிருந்த ஒரு சிறு கல்லைத் தவிர. அது தளிர்போல் சிவந்திருந்தது. தன் தாயின் மோதிரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்ததாகச் சொல்லி ஒரு தட்டச்சர் விற்றுப்போன கல் அது. பழுப்பென்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக, மறுபேச்சில்லாமல் கொடுத்த விலைக்குத் தலையாட்டிவிட்டுப் போனவர்.

"அடிச்சுது யோகம். அக்கா, இதைப் பத்தி மூச்சு விடாதீங்க. வித்தது வித்ததுதான்" என்றார் முதலாளி.

"வித்தது வித்ததுதான், தம்பி. நான் சொன்னது தப்பாச்சே" என்றாள் அவள்.

முதலாளியின் தந்தை காலத்திலிருந்தே அங்கே இருப்பவள் அவள். அவளைக் கையைப் பிடித்துத் தடுக்க அவருக்குத் துணிவில்லை. அவள் தொலைபேசியை எடுத்தாள். மணி நெடுநேரம் ஒலித்தது. மறுமுனையில் தட்டச்சரின் குரல் கேட்டதும் அவள் எழுந்து நின்றாள்.

"வணக்கங்க. உங்க அம்மாவோட கல்லைப் பழுப்புன்னு சொன்னவ பேசறேன். நீங்க அதை இன்னொரு தடவை வந்து பார்க்கணும். பகல்லயே வாங்க."